சாய்ந்த சிலுவை: ஹங்கேரியின் மணிமுடியும் கிறிஸ்தவத் தேசியமும்



ஐரோப்பிய மரபையும் கிறிஸ்தவத் தேசியத்தையும் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தீர்கள். ஒரு மணி நேரத்தில் ஐரோப்பா முழுவதையும் சுற்றிக் காட்டினால் எந்த ஊரிலும் இறங்கிப் பார்த்ததாக இருக்காது. அதனால் ஹங்கேரியிலேயே தங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். நடுவில் பிரான்சுக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் ஒரு நடை போய்வருவோம்.

புடாபெஸ்டில், டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கிறது அந்நாட்டு நாடாளுமன்றம். அதன் நடுக்கூடத்தில், குவிமாடத்துக்கு நேர் கீழே, கண்ணாடிப் பேழைக்குள் ஒரு மணிமுடி. இரண்டு பக்கமும் காவலர். எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். உச்சியில் உள்ள சிலுவை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். எப்போதோ அவசரத்தில் பெட்டியை மூடியபோது மூடி இடித்து வளைந்திருக்கலாம் என்கிறார்கள். யாரும் அதை நிமிர்த்தவில்லை. அந்நாட்டின் அரசுச் சின்னத்திலும் சிலுவை சாய்ந்தபடியேதான் வரையப்படுகிறது.

இது ஹங்கேரியின் முதல் கிறிஸ்தவ மன்னரான புனித ஸ்தேவானின் மணிமுடி என்பது மரபு. கனவில் வந்த வானதூதர் சொன்னபடி போப் இரண்டாம் சில்வெஸ்டர் அனுப்பிவைத்தார் என்பது கதை. 1000-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளிலோ 1001-இன் புத்தாண்டிலோ ஸ்தேவான் முடிசூடினார். ஒரு காலத்தில் குதிரையேறி மேற்கு ஐரோப்பாவைக் கொள்ளையடித்துவந்த மாஜர் என்ற ஹங்கேரியக் கூட்டம் அதோடு கிறிஸ்தவ அரசுகளின் பந்தியில் உட்கார்ந்தது. இன்றைய கிறிஸ்தவத் தேசியவாதிகளின் பேச்செல்லாம் இந்த ஆண்டிலிருந்துதான் தொடங்கும்.

ஆனால் பேழைக்கு அருகே போய்க் குனிந்து பார்த்தால் மணிமுடி வேறு கதை சொல்கிறது. கீழ்வளையம் ஒரு கைவேலை, அதன்மேல் குறுக்காக ஏறும் பட்டைகள் வேறொரு கைவேலை. மேற்பட்டைகளில் அப்போஸ்தலர்களின் உருவங்கள், எழுத்து லத்தீன். கீழ்வளையத்தில் எழுத்து கிரேக்கம். அது ரோமிலிருந்து வந்ததல்ல, கான்ஸ்டான்டினோபிளிலிருந்து வந்தது. பின்பக்கத்தில் பைசாந்தியப் பேரரசர் ஏழாம் மைக்கேல் டூகாஸின் எனாமல் உருவம். அவர் ஆண்டது 1071 முதல் 1078 வரை. ஸ்தேவான் இறந்தது 1038-இல். பேரரசருக்குக் கீழே ஒரு பக்கம் இணைப் பேரரசர் கான்ஸ்டன்டைன், மறுபக்கம் ஹங்கேரிய மன்னர் கேசா. பேரரசர்கள் இருவருக்கும் தலையைச் சுற்றி ஒளிவட்டம் உண்டு, கேசாவுக்கு இல்லை. அவர் பார்வை பேரரசர் இருக்கும் பக்கம் திரும்பியிருக்கிறது. பக்கத்தில் உள்ள எழுத்து அவரைத் துருக்கியரின் நாட்டை ஆளும் விசுவாசமிக்க மன்னர் என்கிறது. புல்வெளியிலிருந்து வந்த மாஜர்களைப் பைசாந்தியர் அப்படித்தான் வகைப்படுத்தியிருந்தார்கள். ரோமின் பரிசு என்று கொண்டாடப்படும் பொருளின் பாதி, கிழக்குச் சபையின் பேரரசர் தமக்குக் கீழ்ப்பட்ட மன்னருக்கு அனுப்பிய வரிசைப்பொருள். இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ஹங்கேரிய ஆய்வாளர்களே வெகுகாலமாக எழுதிவருவதுதான்.

அந்த மணிமுடிக்கு இருந்த அதிகாரம் மட்டும் கற்பனை அல்ல. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்லஸ் ராபர்ட் என்பவர் மூன்று முறை முடிசூட வேண்டியிருந்தது. முதல் இரண்டு முறையும் இந்த மணிமுடி கையில் இல்லை. 1310-இல் இதையே சூடிய பிறகுதான் நாடு அவரை மன்னராக ஏற்றது. பிறகு வெர்பொட்சி என்ற சட்ட அறிஞர், பிரபுக்கள் எல்லோரும் இந்த மணிமுடியின் அங்கங்கள் என்று எழுதிவைத்தார். அதாவது மன்னர் போகலாம் வரலாம், நாடு என்பது மணிமுடிதான்.

ஸ்தேவான் தம் மகன் இம்ரேவுக்குச் சொன்னதாக ஓர் அறிவுரை நூல் இருக்கிறது. அவர் பெயரால் யாரோ ஒரு குருவானவர் எழுதியிருக்கக்கூடும். அதில் ஒரு பகுதி விருந்தினரைப் பற்றியது. வேற்று நாட்டவர் வரும்போது தங்கள் மொழியையும் வழக்கத்தையும் கல்வியையும் ஆயுதங்களையும் கொண்டுவருகிறார்கள், அவர்களால் அரசு சிறக்கும், ஒரே மொழியும் ஒரே வழக்கமும் கொண்ட அரசு வலுவற்றது, எளிதில் உடையும் என்கிறது அந்தப் பகுதி. அவர் நினைத்த விருந்தினர் ஜெர்மானியக் குருக்களும் வீரர்களும்தான், இன்றைய அகதிகள் அல்ல. ஆகவே இந்த வரியைத் தூக்கிக்கொண்டு போய், கிறிஸ்தவத் தேசியம் பேசும் ஹங்கேரிய அரசியல் தலைவர் விக்டர் ஓர்பானின் முகத்துக்கு நேரே நீட்டுவதில் எனக்குப் பெரிய உற்சாகம் இல்லை. என்றாலும் ஸ்தேவானை முன்னிறுத்தி ஒரே பண்பாடு பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

அடுத்தது மதிய மணி. தேவாலயங்களில் பகல் 12 மணிக்கு மணியடிக்கும் வழக்கத்தை ஹங்கேரியர் தங்கள் வெற்றியின் நினைவாகச் சொல்வார்கள். 1456 ஜூலையில், இன்று பெல்கிரேடு என்று நாம் அறியும் கோட்டையில், யானோஷ் ஹுன்யாடி ஒட்டோமான் சுல்தானின் படையைத் திருப்பியடித்தார். ஆனால் போப் மூன்றாம் கலிஸ்டஸ் மணியடிக்கச் சொல்லி ஆணையிட்டது அதற்கு மூன்று வாரம் முன்னதாக, ஜூன் கடைசியில். ஜெயித்தாயிற்று என்பதற்காக அல்ல, தோற்றுவிடக் கூடாதே என்று ஜெபிப்பதற்காக. சில ஊர்களுக்கு ஆணையும் வெற்றிச் செய்தியும் முன்பின்னாக வந்து சேர்ந்ததில் பயத்தின் மணி வெற்றியின் மணியாயிற்று.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 1526-இல் மோஹாச் போரில் மன்னரும் ஆயர்கள் பலரும் மாண்டார்கள். 1541-இல் புடா நகரம் வீழ்ந்து, 1686 வரை 145 ஆண்டுகள் ஒட்டோமான் கையில் இருந்தது. கிறிஸ்தவ ஐரோப்பாவுக்கு நாங்களே கேடயம் என்ற எண்ணம் வெறும் மேடைப் பேச்சாக மட்டும் வளரவில்லை. ஆனால் அதே காலத்தின் மற்ற பக்கங்களையும் புரட்ட வேண்டும். ஹங்கேரியரில் பெரும்பகுதி அப்போது புரோட்டஸ்டன்டுகளாகிவிட்டார்கள். கத்தோலிக்க ஹாப்ஸ்பர்க் ஆட்சி 1670-களில் அவர்களுடைய போதகர்களை நீதிமன்றத்தில் நிறுத்தி, துடுப்பு வலிக்கும் அடிமைகளாக நேப்பிள்ஸுக்கு விற்றது. உயிரோடு எஞ்சியவர்களை 1676-இல் டச்சு கடற்படைத் தலைவர் டி ரைட்டர் மீட்டார். டெப்ரட்சென் நகரில் அவர்களுக்கு நினைவுத்தூண் உண்டு. 1683-இல் ஒட்டோமான் படை வியன்னாவை முற்றுகையிட்டபோது, இம்ரே தோகோலி என்ற லுத்தரன் ஹங்கேரியத் தலைவர் சுல்தானின் பக்கம் நின்றார். கேடயத்தின் ஒரு பாதி எதிரியின் கையில் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். திரான்சில்வேனியாவிலோ 1568-இல் தோர்தா நகரில் கூடிய நாட்டு மன்றம், போதகர் தம் மனசாட்சிப்படி போதிக்கலாம், விசுவாசம் கடவுளின் கொடை, ஆகவே அதற்காக யாரையும் துன்புறுத்தக் கூடாது என்று தீர்மானித்தது. ஐரோப்பாவில் மதத்துக்காக ஆள் எரித்துக்கொண்டிருந்த காலம் அது. என்னைக் கேட்டால் ஹங்கேரி மார்தட்டிக்கொள்ள வேண்டியது தோர்தாவைப் பற்றித்தான்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். முதல் உலகப் போரில் தோற்ற ஹங்கேரி, 1919-இல் 133 நாள் கம்யூனிஸ்ட் ஆட்சியைப் பார்த்தது. அதன் தலைவர்களில் பலர் யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள். 1920 ஜூன் 4 அன்று ட்ரியனான் ஒப்பந்தம் கையெழுத்தானது. நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹங்கேரியர் ஒரே நாளில் அண்டை நாட்டுக் குடிகளானார்கள். அந்தக் காயத்தின் மேல் எழுந்ததுதான் மிக்லோஷ் ஹோர்த்தியின் ஆட்சி. தன்னைக் ‘கிறிஸ்தவ-தேசிய’ ஆட்சி என்று அது வெளிப்படையாகவே அழைத்துக்கொண்டது. கடலில்லாத நாட்டுக்குக் கடற்படைத் தளபதி, மன்னரில்லாத முடியாட்சிக்குக் காவலர் என்று ஹங்கேரியரே ஹோர்த்தியைக் கிண்டலடிப்பார்கள். புனித மணிமுடியை முறைப்படி சூடிய கடைசி மன்னர் சார்லஸ் 1921-இல் நாடு திரும்ப முயன்றபோது, மணிமுடியின் பெயரால் ஆண்ட ஹோர்த்தியின் படைகள்தாம் அவரை மறித்து, அவரோடு வந்தவர்கள்மீது சுட்டன.

அந்த ஆட்சியில் ‘கிறிஸ்தவர்’ என்றால் யார்? 1919 இலையுதிர் காலத்தில் புடாபெஸ்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு லியோ சிலார்டும் அவருடைய தம்பியும் மறுபடி பதிவு செய்யப் போனார்கள். பின்னாளில் அணுக்கருத் தொடர்வினையைச் சிந்தித்தவரே அந்தச் சிலார்ட். யூதர்கள் உள்ளே வரக் கூடாது என்று மாணவர் கூட்டம் ஒன்று மறித்தது. நாங்கள் கல்வின் சபைக்காரர்கள் என்று சில மாதங்களுக்கு முன் சேர்ந்ததற்கான சான்றிதழை லியோ காட்டினார். அடித்து உதைத்து வெளியே தள்ளினார்கள். ஹோர்த்தியும் கல்வின் சபைக்காரர்தான் என்பதை நினைவில் வையுங்கள். சபை ஒன்றே, ஞானஸ்நானத் தண்ணீரும் ஒன்றே, ஆனால் வாசலில் நின்றவர்கள் கேட்டது இரத்தத்தை. அடுத்த ஆண்டு அதுவே சட்டமாயிற்று. பல்கலைக்கழகத்தில் யூத மாணவர்களுக்கு மக்கள்தொகை விகிதப்படி உச்சவரம்பு வைத்தார்கள். போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் இவ்வகையில் இதுவே முதல் சட்டம். செகெஷ்பெஹேர்வார் ஆயர் ஒட்டோகார் ப்ரோஹாஸ்கா, ஏழைகளிடம் அன்பு காட்டியவர் என்று புகழ்பெற்றவர், இதை ஆதரித்தார்.

இந்தப் போக்குக்குத் தத்துவம் எழுதியவர் பிரான்சில் இருந்தார். ‘ஆக்சியோன் பிரான்சேஸ்’ இயக்கத்தின் ஷார்ல் மோராஸ், கடவுள் நம்பிக்கையைத் தொலைத்தவர். ஆனால் கத்தோலிக்கத் திருச்சபையை உயிருக்குயிராகப் போற்றினார். அதன் படிநிலை, ஒழுங்கு, ரோமிடமிருந்து பெற்ற கட்டுக்கோப்பு எல்லாம் பிரான்சுக்குத் தேவை என்றார். இயேசுவின் போதனையில் உள்ள சமத்துவ விஷத்தைத் திருச்சபை முறித்துவிட்டது என்பதற்காகவே அதைப் பாராட்டினார். இவ்வளவு நேர்மையாகச் சொன்ன தேசியவாதியை நான் வேறெங்கும் படித்ததில்லை. 1926 டிசம்பரில் போப் பதினோராம் பயஸ் அந்த இயக்கத்தின் நாளிதழைத் தடைசெய்தார். விடாமல் சந்தா கட்டியவர்களுக்குத் திருவிருந்து மறுக்கப்பட்டது, தேவாலயத்தில் அடக்கச் சடங்கும் மறுக்கப்பட்டது. கர்தினால் பியோ தம் பதவியையே துறந்தார். கும்பிடுகிறவரைவிடக் கோயிலைக் கட்டிக்காப்பவர் பேசினால் ஊர் கேட்கும் என்பதைப் போப் சரியாகவே புரிந்துகொண்டார். ஆனால் 1939-இல் அவருக்கு அடுத்து வந்தவர் தடையை நீக்கினார்.

மறுபடி புடாபெஸ்ட். 1938-இலும் 1939-இலும் யூதர்களின் தொழிலையும் பிழைப்பையும் முடக்கும் சட்டங்கள் வந்தபோது, மேலவையில் உட்கார்ந்திருந்த சபைத் தலைவர்கள், கர்தினால் யுஸ்தினியான் செரேடி உட்பட, ஆதரித்து வாக்களித்தார்கள். 1941-இல் மூன்றாம் சட்டம் கலப்பு மணத்தைத் தடைசெய்தது. ஞானஸ்நானம் பெற்றவரையும் பிறப்பை வைத்து யூதர் என்றது. அப்போதுதான் எதிர்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பிழைப்பை இழந்தபோது பொறுத்தவர்களுக்குத் தங்கள் அருட்சாதனம் செல்லாது என்றதும் கோபம் வந்தது. 1944 மே 15-க்கும் ஜூலை 9-க்கும் இடையே ஏறத்தாழ 4 லட்சத்து 37 ஆயிரம் யூதர்களை ரயில்களில் ஏற்றினார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது ஆஷ்விட்ஸ். வீடுவீடாகப் போய்த் திரட்டியது ஹங்கேரிய கிராமக் காவல்படை. அந்தக் கோடையில் இதைக் கண்டித்துச் செரேடி எழுதிய சுற்றுமடல் பெரும்பாலான தேவாலயங்களில் வாசிக்கப்படாமலே போயிற்று.

எல்லோரும் அப்படி இல்லை. ஆயர் ஆரோன் மார்ட்டோன் 1944 மே 18 அன்று கொலோஷ்வார் நகரின் புனித மிக்கேல் தேவாலயத்தில் வெளிப்படையாகக் கண்டித்தார். என்னை அதிகம் யோசிக்கவைப்பவர் மார்கிட் ஸ்லாக்தா. 1920-இல் ஹங்கேரிய நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண், அதுவும் கிறிஸ்தவ-தேசியக் கட்சியின் சார்பில். சமூகப் பணிக்கெனக் கன்னியர் சபை ஒன்றை நிறுவினார். தேசபக்தியில் யாருக்கும் குறைந்தவர் அல்ல. அவர்தான் யூதருக்கு எதிரான சட்டங்களைத் தம் பத்திரிகையில் எதிர்த்தார். 1943-இல் ஸ்லோவாக்கிய யூதர்களுக்காக ரோமுக்குப் போய்ப் போப்பைப் பார்த்தார். ஸ்லோவாக்கியாவை அப்போது ஆண்டவர் யோசெஃப் டிசோ, கத்தோலிக்கக் குருவானவர். குடியரசுத் தலைவராக இருந்துகொண்டே தம் ஊரின் பங்குத்தந்தையாகவும் நீடித்தார். 1942-இல் அவருடைய அரசு 57,000-க்கும் அதிகமான யூதர்களை நாடுகடத்தியது, தலைக்கு 500 மார்க் என்று ஜெர்மனிக்குப் பணமும் கொடுத்தது. அதே ஆகஸ்டில் ஹோலிச் ஊரில் பேசியபோது, இது கிறிஸ்தவச் செயல்தானா என்ற கேள்வியைத் தாமே எழுப்பி, ஆம் என்று பதிலும் சொன்னார். ஸ்லாக்தாவின் சபையைச் சேர்ந்த சாரா சல்காஹாசி, அடைக்கலம் கொடுத்த குற்றத்துக்காக 1944 டிசம்பர் 27 அன்று டான்யூப் கரையில் அம்புச்சிலுவை என்ற ஹங்கேரிய நாஜிக் கட்சியினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே குளிர்காலத்தில், அதே நகரில், துறவி அங்கியின் மேல் கைத்துப்பாக்கி கட்டிக்கொண்டு கொலைகளை நடத்தினார் ஆன்ட்ராஷ் குன் என்ற மடத்துத் துறவி. இருவரும் ஒரே திருச்சபை.

கம்யூனிஸ்ட் காலத்தை வேகமாகக் கடக்கிறேன். கர்தினால் மின்ட்சென்டி 1949-இல் ஆயுள் தண்டனை பெற்றார். 1956 புரட்சியில் விடுபட்டு, அது நசுக்கப்பட்டதும் அமெரிக்கத் தூதரகத்தில் புகுந்து 15 ஆண்டு அங்கேயே இருந்தார். சபை அடக்கப்பட்ட அந்த ஆண்டுகளில் கிறிஸ்தவம் எதிர்ப்பின் அடையாளமாயிற்று. இன்றைய தேசியவாதத்துக்குள்ள தார்மீக மூலதனத்தில் பெரும்பகுதி அப்போது சேர்ந்ததுதான். இரண்டாம் உலகப் போரின் முடிவில் அமெரிக்கர் கைக்குப் போன மணிமுடி, ஃபோர்ட் நாக்ஸ் கிடங்கில் தங்கக்கட்டிகளோடு கிடந்தது. 1978 ஜனவரி 6 அன்று கார்ட்டர் அரசு திருப்பித் தந்தது. அருங்காட்சியகத்தில் இருந்ததை 2000-ஆம் ஆண்டின் முதல் நாளில் நாடாளுமன்றத்துக்கு மாற்றியது விக்டர் ஓர்பானின் முதல் அரசு.

ஓர்பானின் ஃபிடெஸ் கட்சி 1988-இல் தாராளவாத இளைஞர் அமைப்பாகப் பிறந்தது. கிறிஸ்தவக் கட்சி உறுப்பினர்களைக் கேலி செய்துவந்தவர்கள் அவர்கள். 2010 முதல் தொடர்ந்து நான்கு தேர்தல்களில் வென்ற கட்சியோ முற்றிலும் வேறு. 2011-இல் இயற்றிய புதிய அரசமைப்பான அடிப்படைச் சட்டத்தில் ஈஸ்டர் திங்களன்று கையெழுத்திடவைத்தார்கள். தேசம் நிலைத்ததில் கிறிஸ்தவத்தின் பங்கை அதன் முகவுரை போற்றுகிறது. மணிமுடியை அரசின் தொடர்ச்சிக்கு உருவமாகச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசமைப்பு வரைவில் கிறிஸ்தவத்தின் பெயரைச் சேர்க்கச் சொல்லி போப் இரண்டாம் யோவான் பவுல் கேட்டும், பிரான்சு போன்ற நாடுகள் மறுத்ததால், பொதுவாகச் சமய மரபு என்பதோடு நின்றுபோனது. அங்கே நடக்காததை இங்கே எழுதிக்கொண்டார்கள். அதில் எனக்குப் பெரிய குறையில்லை. தன் வரலாற்றைத் தன் முகவுரையில் எழுத ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு.

குறை வேறு இடத்தில். 1944 மார்ச் 19 அன்று ஜெர்மனி நுழைந்ததும் நாடு தன்னாட்சியை இழந்தது, 1990 மே 2 அன்றுதான் மீட்டது என்கிறது அதே முகவுரை. ரயில்கள் கிளம்பியது அந்த மார்ச்சுக்குப் பிறகு. ஆகவே அவை எங்கள் கணக்கில் வராது என்பது அதன் உட்பொருள். 2014-இல் புடாபெஸ்டின் சுதந்திரச் சதுக்கத்தில் இதற்குச் சிலையும் வைத்தார்கள். ஜெர்மானியக் கழுகு பாய்கிறது, கபிரியேல் தூதர் உருவில் களங்கமற்ற ஹங்கேரி கண்மூடி நிற்கிறது. எதிரே, நடைபாதையோரம், உறவினரை இழந்த குடும்பங்கள் கொண்டுவந்து வைத்த புகைப்படங்கள், கூழாங்கற்கள், காலணிகள், பழைய பெட்டிகள். மழையில் நனையாமலிருக்கக் காகிதங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டிருப்பார்கள்.

இத்தனைக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2001-இல் பாதிக்கும் மேற்பட்டோர் தங்களைக் கத்தோலிக்கர் என்று பதிந்தனர். 2022-இல் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. பத்தில் நால்வர் மதம் பற்றிய கேள்விக்குப் பதிலே தரவில்லை. அரசு கிறிஸ்தவமாக ஆக, வீடுகள் அப்படி ஆகவில்லை. மோராஸ் உயிரோடிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

2018 ஜூனில் அடிப்படைச் சட்டத்துக்கு ஏழாவது திருத்தம் வந்தது. நாட்டின் கிறிஸ்தவப் பண்பாட்டைக் காப்பது அரசின் ஒவ்வோர் உறுப்புக்கும் கடமை என்றது ஒரு பிரிவு. பொது இடத்தைத் தங்குமிடமாக்கிக்கொள்வதைத் தடைசெய்தது இன்னொரு பிரிவு. வீடற்றவர் தெருவில் படுக்கக் கூடாது. இரண்டும் ஒரே திருத்தம், ஒரே வாக்கெடுப்பு. கேட்டவுடன் எவனோ புனைந்த அங்கதம் என்று தோன்றும். அரசிதழில் அச்சானது.

வீடற்றோருக்கு இடம் கொடுத்த ஒருவரின் கதையோடு முடிக்கிறேன். காபோர் இவான்யி என்ற மெதடிஸ்ட் மரபுப் போதகர் 1970-களில் கம்யூனிஸ்ட் அரசோடு மோதியவர். தேவாலயக் கட்டடத்தை இழந்து தெருவில் ஆராதனை நடத்தியவர்கள் அவருடைய சபையார். ஓர்பானின் திருமணத்துக்குத் தேவாலய ஆசி வழங்கியதும், மூத்த பிள்ளைகள் இருவருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் இவான்யிதான். 2011-இல் புதிய சபைச் சட்டம், பதிவு பெற்ற 300-க்கும் மேற்பட்ட மத அமைப்புகளின் எண்ணிக்கையை 14 ஆக்கியது. பட்டியலில் சேர நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டியிருந்தது. இவான்யியின் சபை பட்டியலில் இடம்பெறவில்லை. 2014 ஏப்ரலில் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் இந்தச் சட்டம் மத உரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது. பெரிய சபைகளுக்கு அரசு மானியம் பெருகிய ஆண்டுகளில் இந்தச் சபை தன் பள்ளிகளுக்கும், புடாபெஸ்டின் எட்டாவது வட்டாரத்தில் டான்கோ தெருவில் நடத்திய வீடற்றோர் விடுதிக்கும் பணமின்றித் திண்டாடி, வரி பாக்கி வைத்தது. 2022 பிப்ரவரியில் வரித்துறையினர் அங்கே சோதனைக்கு வந்தார்கள். கிறிஸ்தவப் பண்பாட்டைக் காக்கும் கடமை அந்தத் துறைக்கும் உண்டு. ஏழாவது திருத்தம் எந்த உறுப்புக்கும் விலக்குத் தரவில்லை.